ரேஸ் பட்டனைத் திருப்பிக் குடுங்க: நம்ம சனிக்கிழமை ஹோஸ்டுகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஹோஸ்ட் அண்ணன்மாருக்கும் ரூல்ஸ் எழுதுற கமிட்டிக்கும்,

வணக்கம். போன சனிக்கிழமை நம்ம சிவிலைசேஷன் 6 கம்ப்யூட்டர் கேம்ல, நான் பிடிச்ச பெர்சியாக்காரரோட சூசா சிட்டியில என்ன நடந்துச்சுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும், அன்னைக்கு எல்லாரும் வாய்ஸ்ல தான் இருந்தீங்க, சில பேரு சிரிச்சதும் நல்லாவே கேட்டுச்சு. அதனால முழுக்கதையும் சொல்லல, நேரா விஷயத்துக்கு வரேன். சண்டையில பிடிச்ச சிட்டியை ரேஸ் பட்டனை (சிட்டியை எரிச்சு இல்லாம ஆக்கற பட்டன்) அமுக்கி எரிக்கக் கூடாதுங்கற ரூலை எடுங்க. முழுசா எடுக்க மனசு வரலைன்னா, வச்சுக்க வழியே இல்லாத சிட்டியையாவது எரிக்க விடுங்க.

அந்த ரூல் எதுக்கு வந்துச்சுன்னு எனக்கும் தெரியும். ஒருத்தர் போற வழியெல்லாம் எரிச்சுக்கிட்டே போனாரு, எதிர்ல ஆடின தம்பிக்கு தலைநகரைத் தவிர ஒண்ணுமே மிஞ்சல (அதையும் கேமே எரிக்க விடாது, அதனால தான் தப்பிச்சுது), அதோட அந்தத் தம்பி வர்றதையே நிறுத்திட்டாரு. கவலை நியாயமானது தான், இல்லைன்னு சொல்லல. ஆனா அப்ப நாம ஆடினது எக்ஸ்பான்ஷன் (கூடுதல் பேக்) எதுவும் போடாத வெறும் சிவிலைசேஷன் 6. 2016ல வந்த அந்த பேஸ் கேம்ல லாயல்டியே (ஊர் மக்களோட விசுவாசம், அது தீர்ந்தா சிட்டி கைவிட்டுப் போயிரும்) கிடையாது, பிடிச்ச சிட்டியை யாராவது சண்டை போட்டு பிடுங்கினா தான் உண்டு. 2018ல வந்த ரைஸ் அண்ட் ஃபால்ங்கற எக்ஸ்பான்ஷன்ல தான் லாயல்டி வந்துச்சு. நாம அதுக்கு மாறி எவ்வளவோ நாளாச்சு, ரூல் மட்டும் பழைய கேம்லயே உக்காந்திருக்கு.

சூசாவை அடிக்கறது சும்மா இல்லைன்னு பாத்தவங்களுக்கே தெரியும். சுத்தி ஒரு கட்டம் திறந்து கிடந்தாலும் முற்றுகை ஆகாது, சிட்டி ஒவ்வொரு டேர்னும் (ஆட்டச் சுற்று) ஹெல்த்தை ஏத்திக்கிட்டே இருக்கும், அது கடலோர ஊரு வேற, அதனால தண்ணிப் பக்கத்தை அடைக்க மட்டும் ஒரு கப்பலை மேப்பையே சுத்திக் கொண்டு வந்தேன், இந்தப் பக்கம் ரெண்டு பாம்பார்டு பீரங்கி வச்சு மதிலை உடைச்சு, உங்க டைமர் ஓடி முடியறதுக்குள்ள துப்பாக்கி வீரன் மஸ்கட்மேனை உள்ள அனுப்பினேன். சிட்டி விழுந்துச்சு. லாயல்டி பேனலைத் திறந்து பாத்தா அந்தப் பக்கத்து மக்களோட அழுத்தம் மட்டும் டேர்னுக்கு மைனஸ் 20. அதுக்கு மேல அழுத்த கேமாலயே முடியாது, அது தான் உச்சம்.

ஏன்னு கமிட்டிக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்ல. ஒன்பது கட்டத்துக்குள்ள இருக்கற ஒவ்வொரு சிட்டியோட ஜனத்தொகையும் லாயல்டியை தன் நாட்டுப் பக்கம் இழுக்கும், தூரம் கூடக் கூட கட்டத்துக்கு பத்து சதவீதம் குறையும். சூசாவைச் சுத்தி பெர்சியாக்காரரோட பெரிய பெரிய சிட்டி, என் ஊருங்க எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம், ஒன்பது கட்டத்துக்கு வெளிய. அவரு கோல்டன் ஏஜ்ல (நாட்டுக்கு நல்ல காலம்) இருந்தாரு, அதனால அவரு ஊர்ல ஒரு ஆளுக்கு ஒன்றரை ஆள் கணக்கு. நான் டார்க் ஏஜ் (கெட்ட காலம்), என் ஊர்ல ஒரு ஆளுக்கு அரை ஆள். மஸ்கட்மேன் உள்ளயே காவலுக்கு நின்னாரு. விக்டரை கவர்னரா அனுப்பினேன், மத்த கவர்னருங்க அஞ்சு டேர்ன் எடுக்கற இடத்துல அவரு மூணு டேர்ன்ல போய் உக்காந்துருவாரு, கவர்னர் இருந்தா லாயல்டி ப்ளஸ் 8. எட்டு ஏறி இருபது இறங்கினா என்ன மிஞ்சும்னு நீங்களே போட்டுப் பாத்துக்கங்க.

சிட்டி ஃப்ரீ சிட்டியா, அதாவது எந்த ஆட்டக்காரருக்கும் சொந்தமில்லாத ஊரா மாறுச்சு, என் ஆளை வெளிய தள்ளிருச்சு. மதில் உடைஞ்சது உடைஞ்சபடியே கிடக்குது, உடைச்சது நான். அதுவரைக்கும் இந்த சண்டையில ஒரு குண்டு கூட போடாத மூணாவது ஆளு ரெண்டு ஃப்ரிகேட்டும் ஒரு கேரவலும்னு கப்பலுங்களை எடுத்துக்கிட்டு வந்தாரு, ஃப்ரிகேட்டால அடிச்சாரு, கேரவலால பிடிச்சாரு, பாயிண்ட் அவருக்கு. அவரு ஊருங்க பக்கத்துலயே இருக்கறதால அவருக்கு லாயல்டி தொல்லையும் இல்ல. நோகாம நொங்கு தின்னுட்டாரு. அவரு மேல எனக்கு கோபம் இல்ல, அவரு இடத்துல நான் இருந்தா நானும் அதைத்தான் செஞ்சிருப்பேன். கையில ரேஸ் பட்டன் இருந்திருந்தா அந்த சிட்டி யாருக்கும் இல்லாம போயிருக்கும், கதை அங்கயே முடிஞ்சிருக்கும்.

கேட்டதுக்கு நீங்க சொன்ன பதில், "கேம் அப்படித்தான், நாங்க என்ன செய்யறது". அந்த கேம்ல தான் அண்ணே ரேஸ் பட்டனும் இருக்கு. சிட்டி விழுந்த உடனே வச்சுக்கறியா எரிக்கறியான்னு கேம் கேக்குது, நீங்க தான் பதில் சொல்லக் கூடாதுங்கறீங்க.

இன்னொருத்தர் அறிவுரை சொன்னாரு, ஒரே சமயத்துல ரெண்டு மூணு சிட்டியைச் சேர்த்துப் பிடிக்கணும், பெரிய சிட்டியை முதல்ல அடிக்கணும், அப்ப ஒண்ணுக்கொண்ணு தாங்கும்னு. சரியான அறிவுரை தான், மறுக்கல. ஆனா உங்க டைமர்ல கடல் தாண்டி மூணு முற்றுகை ஒரே நேரத்துல நடத்திக் காட்டுங்க, பக்கத்துல உக்காந்து கத்துக்கறேன். பக்கத்து நாட்டுக்காரனோட மட்டும் சண்டை போடு, கடல் தாண்டிப் போகாதேன்னு தான் ரூல்னா அதையே எழுதிருங்களேன்.

பிடிச்ச ஊரு கைவிட்டுப் போறது புதுசு ஒண்ணும் இல்ல. 2001ல வந்த சிவிலைசேஷன் 3ல சிட்டி கல்ச்சர்ல சாஞ்சு பழைய ஆளுகிட்டயே போயிரும், உள்ள நிறுத்தி வச்ச படை மொத்தமும் சேர்ந்து காணாமப் போயிரும், அதுக்கு இது எவ்வளவோ தேவலாம். ஆனா அந்த மாதிரி தொல்லை குடுத்த கேமெல்லாம் கூடவே ஒரு வழியும் குடுத்துச்சு. 2010ல வந்த அஞ்சாவது பார்ட்ல பப்பெட்டா (தானா நடக்கற பொம்மை ஊரா) வச்சுக்கலாம், சேர்த்துக்கிட்டு கோர்ட்ஹவுஸ் கட்டலாம், இல்ல டேர்னுக்கு ஒரு ஜனத்தொகையா எரிச்சு முடிக்கலாம். 2004ல வந்த ரோம் டோட்டல் வார்ல கலவரத்துக்குப் பயந்தா ஊரைப் பிடிச்ச அன்னைக்கே என்ன செய்யணும்னு மூணு வழி கேக்கும், மூணாவது வழி படிக்கவே கொடூரமா இருக்கும். 2025ல வந்த சிவிலைசேஷன் ஏழாவது பார்ட்ல எரிச்சா வார் சப்போர்ட் (போருக்கான ஆதரவு) அடிவாங்கும். அவங்க எரிக்கறதுக்கு விலை வச்சாங்க, பட்டனைப் பிடுங்கல.

நீங்களும் விலை வைங்களேன். எரிக்கற ஒவ்வொரு சிட்டிக்கும் பாயிண்ட்டை வெட்டுங்க, ஒரு ஆட்டத்துக்கு ஒண்ணு தான்னு சொல்லுங்க, மைனஸ் 20 காட்டுற ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பிட்டு தான் எரிக்கணும்னு வேணும்னாலும் வைங்க. எல்லாத்துக்கும் சம்மதம். வச்சுக்கவும் முடியாது எரிக்கவும் கூடாதுங்கறதுக்கு மட்டும் சம்மதம் இல்ல.

எழுத உக்காந்தாச்சு, இதையும் சொல்லிடறேன். ஹோஸ்டுக்கு நெட் போனா எல்லாரும் காத்திருக்கணும், எங்களுக்கு நெட் போனா எங்க நாட்டை ஏஐ எடுத்து ஆடும், வந்து பாத்தா கவர்னரு எங்கயோ இருப்பாரு. ஒரு கண்ணுல வெண்ணெய் ஒரு கண்ணுல சுண்ணாம்புன்னா இது தான். இதுல அடுத்த வாரம் ஒருத்தர் எலனோர்ங்கற ராணியைத் தலைவியா எடுக்கப் போறதா சொல்லிக்கிட்டு திரியறாரு, அந்த அம்மா கிட்ட நாலு ஓவியம் இருந்தாலே பக்கத்து ஊரு லாயல்டி தானா இறங்கும், ஃப்ரீ சிட்டி ஆகாம நேரா அவங்க மடியிலயே போய் விழும், அப்ப உங்க ரூல் என்ன செய்யும்னு பாக்க ஆசையா இருக்கு.

சரி, கோபத்துல எங்கயோ போயிட்டேன், மன்னிக்கணும். நேரம் செலவு பண்ணி இத்தனை பேரை ஒண்ணா ஆட வைக்கறீங்க, அந்த மரியாதை எப்பவும் உண்டு. சூசா பாயிண்ட்டை எனக்கு மாத்திக் குடுங்கன்னு கூட கேக்கல, அது அவருகிட்டயே இருக்கட்டும். தயவுசெஞ்சு அந்த ஒரு ரூலை மட்டும் மாத்துங்க. இந்த சனிக்கிழமை லாபி திறக்கறதுக்கு முன்னாடியே உண்டா இல்லையான்னு எழுதிப் போட்டுருங்க, இல்லைன்னா ஏன் இல்லைன்னும் சேர்த்து எழுதுங்க. கடல் தாண்டிப் படை அனுப்பறதா வேண்டாமான்னு நாங்க ஆட்டம் ஆரம்பிக்கும் போதே முடிவு பண்ணணும்ல.

இப்படிக்கு,
சூசாவை அடிச்சவன்