மெதுவாக ஆடியதே என்று இருந்துவிடக் கூடாது

ஆசிரியருக்கு,

சென்ற இதழின் சுனாமி கட்டுரை தெளிவாக இருந்தது. ஆனால் 'ரிக்டர் அளவு கூடக் கூட அலையும் பெரிதாகும்' என்ற வரியை அப்படியே விட மனமில்லை.

2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் கடலடி நடுங்கியது. சிறிய அலையோடு போயிற்று. பாறைகள் பக்கவாட்டில் நகர்ந்ததால் கடல்நீர் பெரிதாக மேலே தள்ளப்படவில்லை. அதே சுமத்ராவை ஒட்டிய மெந்தாவாய் தீவுகளில், 2010 அக்டோபரில் வந்தது 7.8தான். அலையில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

விஷயம் எண்ணில் மட்டும் இல்லை, பாறை எந்தப் பக்கம் நழுவியது, அந்த நழுவல் கடல்தரைக்கு எவ்வளவு அருகில் நடந்தது என்பதில் இருக்கிறது. பூமியின் மேலோட்டில் உள்ள ஒரு பாறைத் தட்டு இன்னொன்றின் அடியில் புகும் இடமான கடலடி அகழிக்குப் பக்கத்தில், மேல்பகுதி நீர் ஊறிய வண்டலும் இளகிய பாறையும்தான். ஆழத்துக் கெட்டிப் பாறையில் முறிவு நொடிக்கு இரண்டரை, மூன்று கிலோமீட்டர் ஓடும். அகழியை ஒட்டிய இந்த மேல்பகுதியில் ஒன்று, ஒன்றரைதான். மெதுவாகக் கிழிவதால் சுவரை உலுக்கும் வேகமான அதிர்வுகள் குறைந்துவிடுகின்றன. ஆனால் இளகிய பாறை என்பதால், அதே அளவுள்ள நடுக்கத்துக்கு அது நழுவும் தூரம் அதிகம். அந்த இடத்துக்கு மேலே சில ஆயிரம் மீட்டர் தண்ணீர் வேறு. தரை எழும்பினால் அத்தனை நீரும் சேர்ந்து எழும்பும். 4,000 மீட்டர் ஆழத்தில் ஒரு மீட்டர் உயரமுள்ள அலை, 10 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது கணக்குப்படி நாலரை மீட்டர் ஆகிவிடும்.

இப்படி மெதுவாக ஆடிப் பெரிய அலையை எழுப்பும் நடுக்கங்களுக்கு 'சுனாமி நிலநடுக்கம்' என்று 1972-இல் பெயர் வைத்தவர் நிலநடுக்க ஆய்வாளர் ஹிரூ கானமோரி. அவருக்கு முன்பே ஜப்பானின் சான்ரிகு கரை அதை அனுபவித்துவிட்டது. 1896 ஜூன் 15 மாலை லேசாக, ஆனால் நீண்ட நேரம் ஆடியது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சுமார் அரை மணி நேரத்தில் வந்த அலை ஏறக்குறைய 22,000 பேரைக் கொண்டுபோயிற்று. 1992-இல் நிகராகுவாவிலும் கரையில் இருந்த பலர் ஆட்டத்தை உணரவே இல்லை.

கட்டுரையின் கடைசியில் 'பலமாக ஆடினால் மேட்டுக்குப் போங்கள்' என்று ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். சரிதான். அடுத்த இதழில் அதோடு இன்னொரு வரியையும் சேர்த்துவிடுங்கள்: கடலோரத்தில் இருக்கும்போது ஒரு நிமிடத்துக்கு மேல் மெல்ல ஆடிக்கொண்டே இருந்தாலும், எச்சரிக்கைச் செய்திக்குக் காத்திருக்காமல் கிளம்பிவிட வேண்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்