விடுப்பில் வா, வேலையை விடாதே

நாஞ்சிக்கோட்டை,
ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நான் இடுப்பெலும்பு முறிந்து படுத்ததால், விமானப்படை மருத்துவப் பணியை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடப் போவதாக நீ எழுதியிருந்ததைப் படித்து, இரண்டு இரவுகளாக எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. நேற்று வாக்கரைப் பிடித்துக்கொண்டு கொல்லைக் கதவு வரை நடந்துவிட்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

விமானப்படை மருத்துவர் ஏர் மார்ஷல் பத்மாவதி பந்தோபாத்யாய் அவர்களைப் பற்றி எனக்குச் சொன்னவளே நீதான். 1944இல் திருப்பதியில் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்து டெல்லியில் வளர்ந்த அவர், காசநோயால் படுக்கையில் கிடந்த தாய்க்குச் சிறு வயதிலேயே பணிவிடை செய்தவர். அந்தப் படுக்கையருகே வளர்ந்த பெண்தான் புனேயில் ராணுவ மருத்துவக் கல்லூரியில் படித்து, 1968இல் விமானப்படையில் சேர்ந்தார். அன்று நீ சொன்னபோது மேம்போக்காகக் கேட்டுக்கொண்ட எனக்கு, இன்று நானே படுத்திருக்கையில் அந்தத் தாயின் மனம் புரிகிறது. 1971 பாகிஸ்தான் போர்க்காலப் பணிக்காக அவரும், விமானப்படை அதிகாரியான அவர் கணவரும் விசிஷ்ட சேவா பதக்கம் பெற்றார்கள். முப்படை அதிகாரிகள் உயர்பொறுப்புகளுக்குப் பயிலும் நீலகிரி வெலிங்டன் பணியாளர் கல்லூரிப் படிப்பை முடித்த முதல் பெண் அதிகாரியும் அவரே. 2004இல் ஏர் மார்ஷல் ஆனார், விமானப்படையில் அந்த நிலைக்கு உயர்ந்த முதல் பெண்.

பதவிகளைவிட, அவர் எடுத்துக்கொண்ட விமான மருத்துவம்தான் என் நினைவில் நிற்கிறது. அது என்ன படிப்பு என்று நான் கேட்டதற்கு, நீ பித்தளைச் சொம்பில் தண்ணீர் நிரப்பி, கிணற்றுக் கயிற்றில் கட்டி, வாசலில் நின்று தலைக்கு மேலே சுழற்றினாய். ஒரு சொட்டும் சிந்தவில்லை. தண்ணீர் சொம்பின் அடியோடு ஒட்டிக்கொள்வதுபோல, போர் விமானம் சட்டென்று வளைந்து திரும்பும்போது விமானியின் ரத்தம் காலுக்கு இறங்கும், முதலில் பார்வை மங்கும், பிறகு நினைவு தப்பும், அதனால்தான் காலையும் வயிற்றையும் இறுக்கிப் பிடிக்கும் உடையை அணிகிறார்கள் என்றாய். 2020இல் தஞ்சாவூர் விமானதளத்துக்குச் சுகோய் போர் விமானப் படைப்பிரிவு வந்த புதிதில், அந்தச் சத்தத்தில் அலமாரிப் பாத்திரங்கள் அதிரும்போது நான் காதைப் பொத்திக்கொள்வேன். இப்போது அதைக் கேட்டால், மேலே போகிற பிள்ளைக்குக் கண் மங்காமல் இருக்க வேண்டுமே என்றுதான் மனம் வேண்டிக்கொள்கிறது. அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் படித்தவர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்?

நீ பணியில் சேர்ந்தபோது மூன்று நாள் உன்னோடு பேசாமல் இருந்தேன். அது என் தவறு, இன்றுவரை உறுத்துகிறது.

இரவில் சித்தி துணைக்குப் படுத்துக்கொள்கிறாள். மடை திறப்பது முதல் குறுவை அறுப்பு வரை உன் அண்ணன் பார்த்துக்கொள்வான். நீ பத்து நாள் விடுப்பில் வந்து என் பக்கத்தில் இரு. வருவதற்கு முன் பெங்களூரில் விமான மருத்துவ மேற்படிப்புக்கு விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு, அனுப்பிய தேதியை எனக்கு எழுது.

உன் அம்மா