ஹேம்ராஜ் அண்ணா, உங்களை யார் தேடினார்கள்?

அன்புள்ள ஹேம்ராஜ் அண்ணாவுக்கு,

வணக்கம். நாம் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. நேபாளத்தின் அர்காகாஞ்சி மாவட்டத்திலிருந்து டெல்லியின் புறநகரான நொய்டாவுக்கு வேலைக்கு வந்தவர் நீங்கள். செக்டார் 25-இல், விமானப்படை, கடற்படைக் குடும்பங்களுக்காகக் கட்டப்பட்ட ஜல்வாயு விகார் குடியிருப்பில், ஒரு பல் மருத்துவத் தம்பதியின் வீட்டில் தங்கிச் சமைத்தீர்கள், கதவு திறந்தீர்கள், ஊரில் இருந்த குடும்பத்துக்குப் பணம் அனுப்பினீர்கள். 2008 மே 15 இரவுக்கும் 16 விடியலுக்கும் நடுவே அந்த வீட்டில் இரண்டு உயிர்கள் போயின. ஒன்று, அந்தத் தம்பதியின் மகள், பதினான்காவது பிறந்தநாளுக்குச் சில நாள்களே இருந்த சிறுமி ஆருஷியுடையது. இன்னொன்று உங்களுடையது. நாடு முழுவதும் அதை "ஆருஷி வழக்கு" என்றே பேசியது. உங்கள் பெயர் எப்போதாவது, நடுவே ஒரு கோடு போட்டு, பின்னால் சேர்க்கப்படும்.

அந்தக் குழந்தைக்காக அழுதவர்களில் நானும் ஒருத்தி. அவளுக்குக் கிடைத்த கண்ணீரில் பங்கு கேட்டு இதை எழுதவில்லை. உங்களுக்கும் தனியாக ஒரு பதில் பாக்கி இருக்கிறது என்று யாராவது உரக்கச் சொல்ல வேண்டும், அதற்காக எழுதுகிறேன்.

16-ஆம் தேதி காலை 6 மணி வாக்கில் வீட்டு வேலைக்கு வரும் பெண் அழைப்பு மணியை அடித்தார். வழக்கமாக நீங்கள்தான் எழுந்துபோய்த் திறப்பீர்கள். அன்று திறக்கவில்லை. வீட்டம்மா உங்கள் செல்போனுக்கு அழைத்தார். மணி போனது, யாரோ எடுத்தார்கள், பேசாமல் துண்டித்தார்கள். அண்ணா, அந்த நேரத்தில் உங்கள் உடம்பில் உயிர் இல்லை. உங்கள் போன் வேறொருவர் கையில் இருந்தது. அந்தக் கை யாருடையது என்ற ஒரே கேள்விக்குப் பதில் கிடைத்திருந்தால், இந்த வழக்கின் பாதி முடிச்சு அன்றே அவிழ்ந்திருக்கும். அந்தப் போன் கடைசிவரை கிடைக்கவில்லை.

சற்று நேரத்தில் ஆருஷியின் உடலைக் கண்டார்கள். போலீஸ் வந்தது. நீங்கள் வீட்டில் இல்லை. வேலைக்காரர் இல்லை, குழந்தை கொலையாகிக் கிடக்கிறாள்: இவ்வளவு போதுமானதாக இருந்தது. புகாரில் உங்கள் பெயர் ஏறியது. உங்களைப் பிடிக்கத் தனிப்படை, துப்புக் கொடுத்தால் பரிசு என்று அறிவிப்பு, நேபாளம் நோக்கித் தேடல். ஒரு நாள் முழுக்க தொலைக்காட்சிகளில் நீங்கள்தான் கொலைகாரர்.

நீங்களோ படிக்கட்டின் உச்சியில், பூட்டிய கதவுக்கு அந்தப்பக்கம், மொட்டை மாடியில் கிடந்தீர்கள்.

இதைத்தான் என்னால் தாண்டிப்போக முடியவில்லை. மாடிக் கதவில் ரத்தக்கறை இருக்கிறதென்று துக்கம் கேட்க வந்தவர்களில் சிலர் போலீசாரிடம் சொன்னார்கள். சாவி கிடைக்கவில்லை. பூட்டை உடைக்க யாருக்கும் தோன்றவில்லை. அதே நாளில் ஆருஷி கிடந்த ரத்தம் தோய்ந்த மெத்தையை அகற்ற மேலே தூக்கிப்போனார்கள். உங்கள் மாடியின் கதவு பூட்டியிருந்ததால், மெத்தையைப் பக்கத்து மொட்டை மாடியில் போட்டுவிட்டு இறங்கிவந்தார்கள். ஒரு சுவர் தூரம். மே மாத டெல்லி வெயிலில் உங்கள் உடல் அழுகத் தொடங்கியிருந்தபோது, ஒரு கூட்டம் அவ்வளவு அருகில் வந்துபோனது. கீழே வீட்டுக்குள் அக்கம்பக்கத்தினரும் உறவினர்களும் செய்தியாளர்களும் நடமாடிக்கொண்டிருந்தார்கள். எந்தக் காலடி யாருடையது, எந்தக் கைரேகை எப்போது பதிந்தது என்று பின்னால் வந்த எந்த நிபுணராலும் பிரிக்க முடியாதபடி அந்த வீடு மிதிபட்டது.

மறுநாள், 17-ஆம் தேதி, அங்கு வந்த ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி ஒருவர் கறைகளைக் கவனித்துச் சொன்ன பிறகே பூட்டு உடைந்தது. குளிர்விப்பான் இயந்திரத்தின் பலகை ஒன்றால் மூடப்பட்டுக் கிடந்தீர்கள். தலையில் கனத்த ஆயுதத்தால் அடி, கழுத்தில் வெட்டு. ஆருஷிக்கு இருந்த அதே காயங்கள். மாடிச் சுவரில் ரத்தக் கை ஒன்று பதிந்திருந்தது.

முதல் நாளே கதவை உடைத்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று நான் கணக்குப் போடுவதுண்டு. உடல் புதிதாக இருக்கும்போது இறந்த நேரத்தை இன்னும் நெருக்கமாகச் சொல்லியிருக்கலாம். படியிலும் மாடியிலும் இருந்த கறைகளை யாரும் மிதிக்காத நிலையில் படமெடுத்திருக்கலாம். எல்லாவற்றையும்விட, தப்பியோடிய ஒருவரைத் துரத்தி அந்த நாளை வீணாக்கியிருக்க மாட்டார்கள். பின்னால் ஒன்பது ஆண்டுகள் நீதிமன்றங்களில் வாதாடியதில் பெரும்பகுதி அந்த ஒரு நாளில் தொலைந்ததைப் பற்றியதுதான். வேலைக்காரர் காணவில்லை என்றால் ஓடிவிட்டார் என்றுதான் நினைத்தார்கள். அவருக்கும் ஏதாவது நேர்ந்திருக்குமோ என்று ஒருவர் மனத்திலும் எழவில்லை. தவறு தடயவியலில் தொடங்கவில்லை அண்ணா, அந்த நினைப்பில் தொடங்கியது.

உடல் கிடைத்த பிறகாவது மரியாதை கிடைத்ததா? கொலையாளி என்ற பட்டம் போனது, அதைவிடக் கேவலமான ஒன்று வந்தது. உத்தரப் பிரதேச போலீஸ் மே 23 அன்று ஆருஷியின் தந்தையைக் கைது செய்து, செய்தியாளர்களைக் கூட்டி, அந்தச் சிறுமியையும் உங்களையும் இணைத்து வாய் கூசாமல் பேசியது. அப்போதைய மத்திய அமைச்சர் ரேணுகா சௌத்ரி சிறுமியை இழிவுபடுத்தியதற்காகக் கொதித்தெழுந்தார். அது நியாயமான கோபம். உங்கள் மானத்துக்காக எந்த அமைச்சரும் பேசியதாக நான் கண்டதில்லை. பின்னர் அரசுத் தரப்பு வழக்கு முழுவதும் அந்தக் கதையையே கொலைக்கான காரணமாகச் சுமந்து நின்றது. 2017-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் ஆவணங்களைப் புரட்டிப் பார்த்தபோது, ஆருஷியின் தலையணையிலோ படுக்கை விரிப்பிலோ உங்கள் ரத்தமோ மரபணுவோ இல்லை. நீங்கள் அந்த அறையில் கொல்லப்பட்டதற்கு ஆதாரமே இல்லை. இந்த வரியை உங்கள் ஊருக்கே வந்து, உங்கள் பிள்ளைக்கு நேபாளியில் வாசித்துக்காட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

2008 ஜூன் தொடக்கத்தில் வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போனது. இப்போது சந்தேகம் உங்களைப் போன்ற மூன்று பேர் மீது விழுந்தது: ஒரு மருத்துவமனை உதவியாளர், வீட்டு வேலை செய்த இருவர். நார்கோ பரிசோதனை என்று ஊசி போட்டுப் பேசவைத்தார்கள். அவர்கள் உளறியதெல்லாம் செய்தியாகக் கசிந்தது. அவர்களுக்கு எதிராகக் குற்றப்பத்திரிகைகூடத் தாக்கல் செய்ய முடியாமல் விட்டுவிட்டார்கள். ஒருவரின் சம்மதமில்லாமல் இத்தகைய பரிசோதனை செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம், செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் 2010 மே 5 அன்று தீர்ப்பளித்தது. அதற்குள் அந்த மூவரின் முகங்கள் நாடு முழுவதும் பதிந்துவிட்டிருந்தன.

ஆயுதம் என்ன என்பதிலும் இதே கதை. முதலில் குக்ரி, அதாவது நேபாளிகளின் வளைந்த கத்தி, என்றார்கள். நேபாளி என்றதும் அது எளிதாக நாக்கில் வந்திருக்கும். பிறகு கோல்ஃப் மட்டை, அறுவைச்சிகிச்சைக் கத்தி. சந்தேகிக்கப்படும் ஆள் மாறியபோதெல்லாம் ஆயுதமும் மாறியது.

தலையணை உறை விஷயம் அதைவிட வினோதம். விடுவிக்கப்பட்ட அந்த மூவரில் ஒருவரின் அறையில் எடுத்த ஊதா நிறத் தலையணை உறையில் உங்கள் மரபணு இருந்ததாக ஐதராபாத் ஆய்வகத்தின் 2008 அறிக்கை சொன்னது. அறிக்கை கோப்பிலேயே கிடந்தது. 2011-இல் ஆருஷியின் பெற்றோர் தரப்பு அதைச் சுட்டிக்காட்டியதும், அது தட்டச்சுப் பிழை, உங்கள் அறையில் எடுத்த உறையின் விவரம் அங்கே மாறி விழுந்துவிட்டது என்று ஆய்வகம் விளக்கம் தந்தது. விளக்கம் முழு உண்மையாகவே இருக்கலாம். அந்த மனிதர் மீது பழிபோட எனக்கு உரிமையும் இல்லை, விருப்பமும் இல்லை. ஆனால் இரட்டைக் கொலை வழக்கில் கொலையுண்டவரின் ரத்தம் எங்கே இருந்தது என்பதை மூன்று ஆண்டுகள் யாரும் சரிபார்க்கவில்லை என்பது எப்படிப்பட்ட அலட்சியம்!

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யார் மீதும் குற்றம் சாட்டப் போதிய ஆதாரமில்லை என்று 2010 டிசம்பரில் சி.பி.ஐ. வழக்கை முடித்துக்கொள்ள அனுமதி கேட்டது. காசியாபாத் சிறப்பு நீதிமன்றம் மறுத்து, ஆருஷியின் பெற்றோரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. 2013 நவம்பரில் அவர்களுக்கு ஆயுள் தண்டனை. 2017 அக்டோபர் 12 அன்று உயர் நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது.

அந்த விடுதலை சரி என்றே நினைக்கிறேன். சந்தர்ப்ப சாட்சியங்களை வைத்துத் தண்டிக்க வேண்டுமானால் சங்கிலியில் ஒரு கண்ணிகூட அறுந்திருக்கக் கூடாது; இங்கே சங்கிலியே இல்லை. உங்களுக்கு நியாயம் வேண்டும் என்பதற்காக, நிரூபிக்கப்படாத ஒருவர் சிறையில் கிடக்க வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். ஒரு நாள் முழுக்கச் செய்யாத கொலைக்குக் குற்றவாளியாக இருந்தவர் அல்லவா நீங்கள்.

ஆனால் "இவர்கள் என்று நிரூபிக்கப்படவில்லை" என்று எழுதியதோடு கோப்பை மூடினால், "அப்படியானால் யார்?" என்று அடுத்த நாள் காலை கேட்க வேண்டியவர் யார்? விசாரணை நடந்த காலத்திலேயே, கைப்பற்றிய பொருள்களை வெளிநாட்டு ஆய்வகத்தில் நவீன மரபணுச் சோதனைக்கு அனுப்பும்படி ஆருஷியின் பெற்றோர் கேட்டார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. உங்கள் ரத்தமும் ஆருஷியின் ரத்தமும் பட்ட மது பாட்டில் ஒன்று சாப்பாட்டு மேசையில் கிடைத்தது. அதையும் சுவரில் பதிந்த கையையும் போன்றவற்றை எந்தத் தரப்புக்கும் சாயாத ஓர் ஆய்வகம் இன்றைய கருவிகளோடு மறுபடி பார்க்கட்டும். ஒன்றும் கிடைக்காமல் போகலாம். கேட்கவே மாட்டேன் என்பது வேறு, கேட்டும் கிடைக்கவில்லை என்பது வேறு.

உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று மிச்சம் இருக்கிறது. விடுதலைத் தீர்ப்பை எதிர்த்து சி.பி.ஐ. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அதற்கு முன்பே, 2017 டிசம்பரிலேயே, அந்தப் படியேறியவர் உங்கள் மனைவி. அடுத்த ஆகஸ்டில் மேல்முறையீடுகளை நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றுக்கொண்டது. அவர் யாரைக் குற்றவாளி என்று நம்புகிறார் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால், வேறு நாட்டின் தலைநகரில், வேறு மொழி பேசும் மன்றத்தில், விதவையான ஓர் ஏழைப் பெண் "என் கணவரைக் கொன்றது யார்?" என்று கேட்டு நின்றிருக்கிறார். இவ்வளவு பெரிய போலீசும் இத்தனை அமைப்புகளும் இருக்க, உங்களுக்காக முதலில் போய்க் கேட்டவர் அவர்தான் அண்ணா.

இப்படிக்கு,
உங்கள் தங்கை ஒருத்தி