குழந்தைகளைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவதா?

அன்பு மகனுக்கு,

குழந்தைகள் இல்லாமல் கல்யாணம் வைக்கலாமா என்று நீங்கள் இரண்டு பேரும் யோசிப்பதாகச் சொன்னாய். போனில் அப்பா குறுக்கே குறுக்கே பேசியதில் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என்னைக் கேட்டால், பிள்ளைகளும் இருக்கட்டும். அழும், ஓடும், மேடையேறும். ஆனாலும் பிள்ளைகள் இல்லாத கல்யாண வீடு எனக்கு வெறிச்சென்று இருக்கும். சரி, கல்யாணம் உங்களுடையது. இடம் சின்னது, சாப்பாடு தலைக்கு இவ்வளவு என்று கணக்கு, ராத்திரி வெகுநேரம் ஆட்டம் பாட்டம். நீ சொன்னதெல்லாம் நியாயமான காரணங்கள்தான்.

எதை முடிவு செய்தாலும் எல்லோருக்கும் ஒன்றுபோல வையுங்கள். கூடப்பிறந்தவர்களின் பிள்ளைகள் மட்டும் என்றால் யாரும் குறை சொல்ல முடியாது. ஒரு சித்தப்பாவின் பேரன் வரலாம், இன்னொரு சித்தப்பாவின் பேத்தி வரக்கூடாது என்றால்தான் வம்பு. வயதை வைத்துப் பிரிப்பதும் சிக்கல்: ஒரே வீட்டில் அக்கா வரலாம், தம்பி கூடாது என்றானால் அந்தப் பெற்றோர் என்ன செய்வார்கள்?

கைக்குழந்தைக்கு மட்டும் எந்த விதியும் வேண்டாம். பால் குடிக்கிற பிள்ளையை விட்டுவிட்டு வா என்றால், அந்தத் தாயையே வராதே என்று சொன்ன மாதிரி. அழுதால் எழுந்துபோக வாசலோரம் ஒரு நாற்காலி, பால் கொடுக்க ஓர் அறை, அவ்வளவு போதும்.

சடங்குக்கு எல்லோரும், ராத்திரி விருந்துக்குப் பெரியவர்கள் மட்டும் என்றும் வைக்கலாம். ஆனால் வெளியூர்க்காரர்கள் பிள்ளைகளை எங்கே விடுவார்கள்? பக்கத்திலேயே ஓர் அறையும் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆளும் வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

அப்புறம், அழைப்பிதழில் பெரியவர்கள் பெயரை மட்டும் எழுதினால் புரிந்துகொள்வார்கள் என்று நம்பாதே. பலர் கவனிக்கவே மாட்டார்கள். பிள்ளை இருக்கிற வீடுகளுக்கு ஒவ்வொன்றாக நீயே போன் போட்டுச் சொல், அதுவும் இப்போதே. ஆள் ஏற்பாடு செய்ய அவர்களுக்கு நேரம் வேண்டுமே. 'அப்படியானால் எங்களால் வர முடியாதுப்பா' என்று யாராவது சொன்னால் மனதில் வைத்துக்கொள்ளாதே. அவர்கள் நிலைமை அப்படி.

பட்டியலை அனுப்பு. என் பக்கத்து உறவுக்காரர்களிடம் நானே பேசிக்கொள்கிறேன். அப்பாவின் அத்தையிடம் மட்டும் நீதான் பேச வேண்டும். அது என்னால் ஆகாது.

அன்புடன்,
அம்மா