ஊரோடு இருந்தவர்களுக்குப் பதிவு இல்லை

வேலூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். முழங்காலுக்குத் தைலம் தேய்த்தது போதும், டாக்டரைப் போய்ப் பார். இங்கே வெயில் வழக்கம்போல்தான்.

ரிட்டயரான பிறகு என்ன செய்கிறாய் என்று கேட்டிருந்தாய். ஒரு குடும்ப வரலாற்று மையத்தில் போய் உட்காருகிறேன். சம்பளம் கிடையாது, டீ உண்டு. கம்ப்யூட்டர், ஸ்கேனர், பீரோ நிறைய ஜெராக்ஸ். பூர்வீகம் தெரிய வேண்டும் என்று வருகிறவர்களுக்கு ஆவணம் தேடிக் கொடுப்பதுதான் வேலை. பத்திரப்பதிவு ஆபீசில் காலத்தை ஓட்டியவனுக்கு வேறென்ன தெரியும்? ஆனால் உள்ளூர்க்காரர்களில் பாதிப் பேர் தேடுவது பூர்வீகத்தை அல்ல, பூர்வீகச் சொத்தை. "சார், ஒரு வில்லங்கம் போட்டுப் பாருங்க" என்று ஆரம்பிப்பார்கள். அவர்களைச் சமாதானப்படுத்தி அனுப்புவதிலேயே காலைப் பொழுது போய்விடும்.

போன மாதம் டர்பனிலிருந்து ஒரு அம்மா வந்தார். கொள்ளுத்தாத்தா தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகப் போனவர். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் அங்கே போய்ச் சேர்ந்தது முதல், 1911இல் ஆளெடுப்பு நின்றது வரை, ஒன்றரை லட்சம் பேர் அப்படிப் போயிருக்கிறார்கள். அதில் நம் வட ஆற்காட்டு ஜனம் ஏராளம். அந்த அம்மா கப்பல் பட்டியலின் நகலைக் கையோடு கொண்டுவந்திருந்தார். ஆளுக்கு ஒரு எண். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், கடைசியில் உடம்பில் உள்ள அடையாளம். இவருடைய ஆளுக்கு வலது முழங்காலில் தழும்பு.

வட ஆற்காடு என்று போட்டிருக்கிறதே என்று வேலூரில் ஒரு வாரத்துக்கு ரூம் எடுத்துவிட்டார். தாலுகாவைப் பார்த்தால் சித்தூர். 1911 வரை சித்தூரும் நம் ஜில்லாதான், கலெக்டர் உட்கார்ந்திருந்ததே அங்கேதான். அந்த வருஷம்தான் அதைப் பிரித்துத் தனி ஜில்லா ஆக்கினார்கள், இப்போது ஆந்திரா. திருவண்ணாமலையோ அப்போது தென்னாற்காடு, திருப்பத்தூர் சேலம். இந்தக் கணக்கு தெரியாமல் எத்தனையோ பேர் தப்பான ஊரில் போய்த் தாத்தாவைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

கிராமத்தின் பெயரைத் துரை ஆபீஸ் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிவைத்திருந்தான். எழுத்துக் கூட்டினால் எந்த ஊரும் வரவில்லை. வாய்விட்டு, கொஞ்சம் தெலுங்கு வாடையோடு படித்துப் பார்த்தோம், ஊர் கிடைத்துவிட்டது. காட்பாடி வழியாக பஸ் ஏற்றிவிட்டோம். போய்விட்டு வந்தவர் முகத்தில் பாதி சந்தோஷம்தான். ஊர் இருக்கிறது, சொந்தம் யார் என்று தெரியவில்லை.

இதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. கூலிக்குக் கப்பல் ஏறினவனுக்கு முழங்கால் தழும்புவரை பதிவு. அவனோடு பிறந்து ஊரிலேயே இருந்துவிட்ட தம்பிக்கு ஒரு வரி கிடையாது. நிலம் இருந்தால் பட்டாவில், மூலப்பத்திரத்தில் பெயர் இருக்கும். அமெரிக்கப் பாதிரிகளான ஸ்கடர் சகோதரர்கள் 1853இல் தொடங்கிய ஆற்காடு மிஷன் வழியாகச் சபைக்கு வந்த குடும்பமென்றால் ஞானஸ்நானமோ அடக்கமோ எழுதியிருப்பார்கள். 1832இல் இங்கே இறந்த இலங்கையின் கண்டி ராஜாவுக்குப் பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்று நினைவிடமே இருக்கிறது. பிறத்தியார் நிலத்தில் ஏர் ஓட்டினவனை யார் எழுதிவைத்தார்கள்?

பெண்கள் கதை இன்னும் மோசம். "உங்க ஆயா பேர் என்ன?" என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் முழிக்கிறார்கள். ஆயா என்றால் ஆயா, அவ்வளவுதான். கப்பல் பட்டியலிலோ பெண்ணுக்கும் தனி எண், தனி வரி. அதற்காக வெள்ளைக்காரன் மரியாதை கொடுத்தான் என்று நினைத்துவிடாதே. வாங்கின சரக்குக்குக் கணக்கு வைத்தான்.

அதனால் உள்ளூர்க்காரர் யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது குலதெய்வம் எங்கே என்றுதான். பிழைக்கப் போய் ஊர் மாறினாலும் சாமியை மாற்றமாட்டார்கள். கோயில் எந்தக் கிராமமோ, அங்கிருந்து நூல் பிடிக்கலாம். சாதிப் பத்தியை மட்டும் நான் ஜாக்கிரதையாகத்தான் காட்டுவேன். வீட்டில் சொல்லிவரும் சாதியும் பட்டியலில் உள்ளதும் ஒத்துப்போகாமல், ஒருவர் என்னிடமே சண்டைக்கு வந்துவிட்டார்!

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் பெரிய தாத்தா 1890 வாக்கில் ஆரணியிலிருந்து பிஜிக்குப் போனார் என்று எழுதியிருக்கிறாய். இடிக்கிறதே. சென்னையிலிருந்து பிஜிக்குக் கப்பல் விட ஆரம்பித்ததே 1903இல்தான், 1916இல் நிறுத்திவிட்டார்கள். ஒன்று வருஷம் தப்பு, இல்லை அவர் போனது நேட்டாலோ மொரீஷியஸோ. அங்கிருந்து வந்த கடிதாசி எதையாவது அம்மா பார்த்திருக்கிறார்களா? பிஜிதான் என்றால் சுவாவில் உள்ள ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேட்கலாம். ஆரணி என்றால் டவுனா, சுற்றுப்பட்டு கிராமமா என்பதும் தெரிய வேண்டும்.

அம்மாவுக்கு ஞாபகம் நன்றாக இருக்கிறது என்கிறாய். ஆற அமர உட்கார வைத்துக் கேள். பெரிய தாத்தாவின் அப்பா பெயர் அவசியம் வேண்டும், அது இல்லாமல் பட்டியலில் இருக்கிற அத்தனை முனுசாமியும் ஒன்றுதான். அப்படியே அம்மாவின் ஆயா பெயரையும் கேட்டு எழுது. போனில் ரெக்கார்ட் பண்ணி வை, இன்லேண்டு லெட்டரில் உன் கையெழுத்தைப் படிக்க என்னால் ஆகாது.

அன்புடன்,
மூர்த்தி