பருத்திக்காட்டை விட்டுட்டு விவசாயி கதை சொல்லலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல வந்த அமெரிக்க விவசாயிகள் கட்டுரையப் படிச்சேன். கான்சாஸ், நெப்ராஸ்கா பக்கம் 1862 குடியேற்றச் சட்டத்துல 160 ஏக்கர் கெடைச்சு குடியேறுனது, ரயில்வே கம்பெனிங்க சரக்குக் கட்டணத்த இஷ்டத்துக்கு ஏத்துனது, 1892 அதிபர் தேர்தல்ல விவசாயிங்க கட்சியான பாப்புலிஸ்ட் கட்சி நிக்க வச்ச வீவருக்கு 10 லட்சத்துக்கு மேல ஓட்டு விழுந்தது எல்லாமே நல்லா எழுதிருந்தாரு, குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா கடைசில, 1896ல டெமாக்ரட் வேட்பாளர் பிரையன் பின்னாடி போய், பணப்புழக்கத்தக் கூட்ட வெள்ளிக்காசு அடிக்கணும்ங்கற விவகாரத்துல மாட்டி அந்தக் கட்சி அழிஞ்சு போச்சுன்னு முடிச்சிட்டாரு பாருங்க, அங்கதான் எனக்கு இடிக்குது. அந்த இயக்கத்துக்கு பெரிய அடி அதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே விழுந்தாச்சு, அதுவும் தெற்குல, ஆர்கன்சாஸ் பருத்திக்காட்டுல. கட்டுரைல தெற்கப் பத்தி மொத்தமே ரெண்டு பாராதான்.

இத்தனைக்கும் அந்தக் கட்சிக்கு முன்னாடி இருந்த ஃபார்மர்ஸ் அலையன்ஸ்ங்கற விவசாயிகள் சங்கம் ஆரம்பிச்சதே டெக்சாஸ்லதான். ஏன் அங்கன்னா, தெற்குல பணப்புழக்கமே கிடையாது, விதைக்கிறப்பவே வரப்போற விளைச்சல கடைக்காரர்கிட்ட எழுதிக்கொடுத்துடணும். அவர் கடைல ரொக்கத்துக்கு ஒரு விலை, கடனுக்கு ஒரு விலை, மாவு, பன்றிக்கறி, வெல்லப்பாகு, கோவேறு கழுதைக்குத் தீனின்னு எத வாங்குனாலும் கடன் விலைலதான் நோட்டுல ஏறும், அதுக்கு மேல வட்டி வேற. நம்ம ஊரு கந்துவட்டியே தோத்துடும். பருத்தி தவிர வேற எதயும் போட கடைக்காரர் விடமாட்டாரு, எல்லாரும் பருத்தியே போட்டா விலை என்னாகும், 1894ல ஒரு பவுண்டு 5 சென்ட்டுக்கு இறங்கிடுச்சு. பருத்திய கொட்டை பிரிக்கற ஜின்னிங்குக்கு ஏத்திட்டு வந்து கணக்குப் பார்த்தா பாக்கி நிக்கும், அது அடுத்த வருஷ நோட்டுக்குப் போயிடும், அதே கடைய விட்டு நகரவும் முடியாது.

இதுல மாட்டுனது வெள்ளைக்காரங்களும்தான், கருப்பினத்தவங்களும்தான். ஆனா தெற்கத்தி அலையன்ஸ்ல கருப்பினத்தவங்கள சேர்க்கல. அதனால 1886ல டெக்சாஸ்ல கலர்டு ஃபார்மர்ஸ் அலையன்ஸ்னு தனியா ஒண்ணு ஆரம்பிச்சாங்க, அதுக்குத் தலைமை ஹம்ஃப்ரின்னு ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார், இது ஒரு வேடிக்கை. 12 லட்சம் உறுப்பினர்னு அவங்களே சொல்லிக்கிட்ட கணக்கு, அதுல பாதின்னு வச்சுக்கிட்டாலும் சின்ன கூட்டமா அது? உங்க கட்டுரைல அந்தப் பேரே வரல சார்.

1891ல என்னாச்சுன்னா, 100 பவுண்டு பருத்தி பறிச்சா 50 சென்ட் கூலி குடுத்துட்டு இருந்தாங்க, அத 1 டாலர் ஆக்கணும், இல்லேன்னா செப்டம்பர்ல யாரும் காட்டுல இறங்க வேண்டாம்னு ஹம்ஃப்ரி சொன்னாரு. வெள்ளைக்கார அலையன்ஸ் தலைவர் போல்க் என்ன சொல்லிருக்கணும்? நம்ம ஆளுங்கதானே, கூட நிப்போம்னுதானே. அவரோட பத்திரிகை என்ன எழுதுச்சுன்னா 50 சென்ட்டுக்கு மேல குடுக்கறதுக்குப் பதில் பருத்தி காட்டுலயே கெடக்கட்டும்னு. ஏன்னா அந்த அலையன்ஸ்ல இருந்த பல பேரு கூலி குடுக்கற இடத்துல இருந்தவங்க. ரயில்வேயும் பேங்க்கும் எதிரின்னு சொன்னப்ப ஒண்ணா இருந்தாங்க, கூலின்னு வந்தப்ப காட்டுக்காரன் ஒரு பக்கம் பறிக்கறவன் ஒரு பக்கம். ஸ்டிரைக் பெரும்பாலான எடத்துல ஆரம்பிக்கவே இல்ல. ஆர்கன்சாஸ் லீ கவுண்டில மட்டும் பென் பேட்டர்சன்னு ஒரு இளைஞர் ஆளுங்கள சேர்த்து நடத்துனாரு, ஒரு தோட்ட மேனேஜர் கொல்லப்பட்டாரு, அதுக்கப்புறம் துரத்தித் துரத்தி வேட்டையாடிட்டாங்க. பிடிபட்ட ஒன்பது பேர போலீஸ்காரங்க கூட்டிட்டுப் போறப்ப முகமூடி போட்ட கும்பல் வழிமறிச்சு தூக்குல போட்டுச்சு. பேட்டர்சனையும் விடல. அதோட அந்த கலர்டு அலையன்ஸ் கதையும் ஏறக்குறைய முடிஞ்சுது.

அடுத்த வருஷமே ஜார்ஜியால பாப்புலிஸ்ட் தலைவர் டாம் வாட்சன், வெள்ளைக்கார, கருப்பின விவசாயிங்களப் பார்த்து, உங்க ரெண்டு பேரையும் பிரிச்சு வைக்கறதே தனித்தனியா கொள்ளையடிக்கத்தான்னு மேடைல பேசுனாரு. கட்டுரைல இத மட்டும் போட்டு அவர ஹீரோவாக்கிட்டீங்க. அதே வாட்சன் 1906ல கருப்பினத்தவங்களோட ஓட்ட பிடுங்கணும்னு சொன்ன ஆளுக்கு ஆதரவு குடுத்தாரு, அப்புறம் 1920ல செனட்டராவும் ஆனாரு. இத சொல்லாம விட்டது எனக்கு சரியாப்படல.

ஓட்ட பிடுங்குனதும் இந்தக் கதையோட ஒட்டுனதுதான். மிசிசிப்பி 1890லயே அரசியல் சாசனத்த மாத்தி ஓட்டு போட 2 டாலர் வரின்னு வச்சுது. 50 சென்ட் கூலில 2 டாலர்னா 400 பவுண்டு பருத்தி பறிக்கணும், கையில ரொக்கமே பார்க்காத ஆளு எங்க போவான்? லூசியானால 1896ல ஒரு லட்சத்து முப்பதாயிரம் கருப்பின வாக்காளர் இருந்தாங்க, 1898ல சட்டம் மாத்துனாங்க, 1900ல மிஞ்சுனது 5,320 பேரு. வெள்ளைக்காரங்களுக்கும் கருப்பினத்தவங்களுக்கும் ரயில் பெட்டிய பிரிச்சது சரின்னு சுப்ரீம் கோர்ட் பிளெஸ்ஸி கேஸ்ல சொன்னதும் அதே 1896ல, பிரையன் தோத்த வருஷம். வடக்கு கரோலினால மட்டும் பாப்புலிஸ்ட்டும் ரிபப்ளிகனும் கூட்டணி வச்சு 1894லயும் 1896லயும் ஜெயிச்சாங்க. அத 1898 நவம்பர்ல வெள்ளை இனவெறிக் கும்பல் அங்க உள்ள வில்மிங்டன் ஊருக்குள்ள துப்பாக்கியோட புகுந்து, கருப்பினத்தவர் நடத்துன பத்திரிகை ஆபீஸ எரிச்சு, நகர ஆட்சியையே கவுத்து முடிச்சு வச்சாங்க. வெள்ளிக்காசுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் சொல்லுங்க.

நிலம் விஷயமும் ஒண்ணு. அடிமைத்தனத்துலருந்து விடுதலையானவங்களுக்கு தெற்குலயே நிலம் தர்றதுக்குன்னு 1866ல ஒரு சட்டம் வந்துச்சு, பத்தே வருஷத்துல ரத்து பண்ணிட்டாங்க. அதுக்கப்புறம்தான் 1879ல ஆயிரக்கணக்குல குடும்பம் குடும்பமா மிசிசிப்பி ஆத்துல படகு ஏறி கான்சாஸ் போனாங்க. நீங்க போட்ட அதே கான்சாஸ் சார், அங்க விடுதலையானவங்க 1877லயே உண்டாக்குன நிக்கோடமஸ்ங்கற ஊரு இன்னும் இருக்கு. அந்த நிலம் ஏற்கனவே பூர்வகுடிங்க வாழ்ந்த நிலம்ங்கறத கட்டுரையாளரே சொல்லிட்டாரு, அதனால நான் நீட்டல.

அடுத்த பாகம் வர்றதா கீழ போட்டிருக்கீங்க. அதுல லீ கவுண்டிக்கும் வில்மிங்டனுக்கும் ஒரு பக்கமாவது ஒதுக்குங்க. அப்புறம் நீங்க போட்ட மேப்ல மிசிசிப்பி ஆத்துக்கு கிழக்க உள்ள பாதி நாட்ட வெட்டிட்டீங்க, அதையும் முழுசா போட்டா நல்லாருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
திருச்சி.