ஆய்வேட்டைப் படியுங்கள், கட்டுரைகளை எண்ணாதீர்கள்

பல்கலைக்கழக மானியக் குழுவினருக்கு,

வணக்கம். 2022 நவம்பரில் வந்த முனைவர் பட்ட விதிமுறைகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஆய்வு இதழில் கட்டுரை வந்திருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டீர்கள், டெல்லியில் படிக்கும் நாங்களும் சந்தோஷப்பட்டோம். ஆனால் அந்தக் கட்டாயம் ஒழியவில்லை. உங்கள் கையிலிருந்து துறைகளின் கைக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

போன வாரம் எங்கள் துறையில் என் தோழியின் ஆய்வேட்டை வாங்க மறுத்துவிட்டார்கள். இரண்டு கட்டுரை கேட்கிறார்கள், அவளிடம் ஒன்றுதான் இருக்கிறது. மதுரைப் பக்கத்துப் பெண், நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வு வழியாகக் கிடைக்கும் உதவித்தொகை இல்லை. மாதம் 8,000 ரூபாயில் முனிர்காவில் ஓர் அறையை இன்னொருத்தியோடு பகிர்ந்துகொண்டு, ஊரிலிருந்து வரும் பணத்தையும் சேர்த்து ஓட்டுகிறாள். இரண்டாவது கட்டுரை ஒரு நல்ல இதழில் மதிப்பீட்டாளர்களிடம் ஒரு வருஷத்துக்கும் மேலாகக் கிடக்கிறது, அங்கே முடிவு தெரியாமல் வேறு இதழுக்கு அனுப்பவும் கூடாது. இதற்கிடையில் அவளுடைய வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருகிறது: பணம் கட்டினால் மூன்று நாளில் ஏற்புக் கடிதம், சான்றிதழ் இலவசம். அதையாவது கட்டிவிடும்மா என்று அவளிடம் சொன்னவர் ஒரு பேராசிரியர். எனக்கு ஆறவில்லை.

2025 பிப்ரவரியில், தரமான ஆய்வு இதழ்கள் எவை என்று நீங்களே வெளியிட்டுவந்த கேர் பட்டியலையும் கைவிட்டு, இதழ்களின் தரத்தை நிறுவனங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்றீர்கள். பார்க்கிறவர்கள் யார்? எங்கள் துறையில் தலைப்பையும் இதழின் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்னையும் தாண்டி யாரும் ஒரு பக்கம் புரட்டுவதில்லை. ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கும் இதே எண்ணிக்கைதான் என்பதால் மாணவர் எழுதிய கட்டுரையில் வழிகாட்டியின் பெயரும் தானாக ஏறிக்கொள்கிறது. இதழ்களைப் படிக்க மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ஒதுக்கியிருக்கிறது அரசு. நல்ல காரியம், நானே தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் அஞ்சு வருஷம் உழைத்து எழுதிய ஆய்வேட்டை உட்கார்ந்து படிக்க எங்கள் துறையில் ஆள் இல்லை என்றால் அதை யாரிடம் போய்ச் சொல்வது?

சரி, கேட்க வந்தது ஒன்றுதான். கட்டுரை வெளியாகவில்லை என்ற காரணத்தைச் சொல்லி யாருடைய ஆய்வேட்டையும் வாங்க மறுக்கக் கூடாது என்று எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். பரிந்துரை என்று எழுதாதீர்கள், அதற்கு இங்கே மதிப்பு இல்லை. கட்டாயம் என்றே எழுதுங்கள். ஆய்வேடு தரமில்லை என்றால் படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பட்டும், அதற்குத் தானே புறத்தேர்வாளர்கள் இருக்கிறார்கள்.

அவளுடைய பதிவுக் காலம் டிசம்பரில் முடிகிறது. அதற்குள் அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டெல்லியில் ஓர் ஆய்வு மாணவர்